நாயனத்துக்கு அடியில்

என் தங்கை புருஷனை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்துப் போய் வெகு காலம் ஆகிறது, இன்னும் மன்னிக்கவில்லை. செத்தவர் மேல் வர்மம் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் தங்கைக்கா அப்படி நடந்தது?

எனக்கும் அவருக்கும் ஒரே பைத்தியம்தான், பாட்டுப் பெட்டிப் பைத்தியம். நான் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. அவருக்குத் திண்டிவனத்தில் எண்ணெய் மில்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக்கு மண்டியும் இருந்தன. அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ இருந்தாலே தெருவுக்குப் பெரிய மனிதர். எனக்கு ரேடியோ போதவில்லை. பாடுகிறவர் எடுப்புக்கு முன்னால் இழுக்கிற மூச்சு எனக்குக் கேட்க வேண்டும். மிருதங்கத்தில் தோல் எங்கே, விரல் எங்கே என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். அதற்காக மதராஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போய் வால்வும் கண்டென்சரும் பொறுக்கி வந்து நானே ஆம்ப்ளிபையர் கட்டினேன். டிரான்ஸ்பார்மருக்குக் கம்பியும் நானே சுற்றினேன். "ஊர்ல ஆம்பளைங்க சம்பளம் வாங்கினா பொண்டாட்டிக்குப் பூ வாங்குவாங்க. எங்க வூட்டுல வால்வு வாங்குவாங்க" என்று என் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரை மரப்பெட்டியில் வைத்தால் பெட்டியும் சேர்ந்து பாடுகிறது. பெட்டி பாடக் கூடாது, ஸ்பீக்கர்தான் பாட வேண்டும். கனமான, அதிராத கூடு வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கெடார் பக்கம் ஒரு சூளையில் உறைகிணற்றுக்குச் சுட்டு அடுக்கி வைத்திருந்த வளையம் வளையமான மண் உறைகளைப் பார்த்தேன். வண்டி பிடித்து இரண்டு உறைகளைக் கொண்டுவந்து, கூடத்து மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகை போட்டு அதில் ஸ்பீக்கரை மல்லாக்க வைத்தேன். நடு வீட்டில் கிணறு வெட்டுகிறீர்களா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். பாட்டு வைத்ததும் அவரே வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

என் தங்கையின் காது என் காதைவிட நல்ல காது. தாய் தகப்பன் போன பிறகு நானே வளர்த்துக் கட்டிக்கொடுத்த பெண். திண்டிவனத்திலிருந்து வரும்போதெல்லாம் உறைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தீர்ப்பு சொல்வாள். முதல் தடவை கேட்டுவிட்டு, "அண்ணா, அந்தம்மா கெணத்துக்குள்ள வுழுந்துட்டு பாடறாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சொன்னது சரி. உறைக்குள் இலவம்பஞ்சைத் திணித்தேன். மறுமுறை வந்தபோது, "இப்ப மேல ஏறி வந்துட்டாங்க. ஆனா இன்னும் தலை தொவட்டல" என்றாள். இன்னும் பஞ்சு போட்டேன். இப்படியே அவள் சொல்லச் சொல்லத்தான் அந்தச் செட்டு ஒரு செட்டாக ஆனது. பாதி செட்டு அவளுடையது.

அவள் புருஷனிடம் இருந்தது ரேடியோவும் இசைத்தட்டு மெஷினும் ஒன்றாகச் சேர்ந்த ரேடியோகிராம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில், கண்டமங்கலம் சுங்கச் சாவடியைத் தாண்டி வந்த சாமான். எப்படித் தாண்டியது என்று நான் கேட்டதில்லை. பீரோ மாதிரி இருக்கும். மேலே பச்சை வெல்வெட் உறை, உறையில் கிளி தைத்திருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். ஸ்பீக்கர் துணி நடுவிலும் ஒரு பெரிய பொட்டு. வாராவாரம் பொட்டின் மேல் பொட்டு ஏறி, அந்த இடம் காய்ந்த வறட்டி போல ஆகிவிட்டது. பாட்டு அதற்குப் பின்னால் இருந்துகொண்டு மூச்சு வாங்கும். சொன்னால், "இது லட்சுமி, மச்சான். பொட்டில்லாம எப்படி வுடறது?" என்பார். விருந்தாளி வந்தால் உறையை நீக்குவார், ஒரு தட்டு வைப்பார், பாதியிலேயே முள்ளைத் தூக்கிவிட்டு மரத்தைத் தட்டிக் காட்டுவார். அவர் பாட்டு கேட்கிறவர் இல்லை, பெட்டி காட்டுகிறவர். என் செட்டைப் பார்க்க வந்தபோது நாலு பேர் எதிரில், "மச்சானுக்குக் கெணத்துலதான் பாட்டு ஊறும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகு ஊருக்குக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டிலிருந்து டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கினேன். தூக்க இரண்டு ஆள் வேண்டும். ரேடியோ நிலைய மெஷின்களைப் போல டேப்பின் முழு அகலத்திலும் பதிகிற மெஷின் அது. அதன் அருமை அப்போது எனக்கே முழுசாகத் தெரியாது.

அந்தச் சமயத்தில் தங்கைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்து, உடம்பு வற்றிப்போய், வைத்தியத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். அவள் புருஷன் வாராவாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திண்டிவனம் என்ன காசியிலா இருக்கிறது? ரயிலேறினால் அடுத்த வேளைச் சோற்றுக்கு விழுப்புரம். வரவில்லை. மில்லில் வேலை, மண்டியில் சரக்கு என்று ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினார். புதிதாக அவரும் ஒரு ஜெர்மன் டேப் ரெக்கார்டர் வாங்கியிருக்கிறார் என்பதும் அந்த ஆட்கள் சொல்லித்தான் தெரிந்தது.

உடம்பு கொஞ்சம் தேறியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குரலைப் பதிந்தேன். பேசினாள், இரண்டு பாட்டுப் பாடினாள், நடுவில் இருமினாள், சிரித்தாள். போட்டுக் காட்டினபோது, "நானா இது? பரவால்லியே" என்றாள். மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டாள்.

காரியத்தன்று அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவ கொரலாவது எங்கிட்ட இருக்கட்டும் மச்சான்" என்றார். இன்னொரு டேப்பில் நகல் எடுக்க என்னிடம் இரண்டாவது மெஷின் கிடையாது. இருந்த ஒரே டேப்பைக் கொடுத்தேன். குரங்கு கையில் பூமாலை. கட்டினவர் கேட்டால் எப்படி இல்லையென்பது?

வருஷத் திதி வருவதற்குள் அவருக்கு மறு கல்யாணம் ஆயிற்று. நான் போகவில்லை. போகாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் நாளாக ஆக எனக்கு அவள் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஒரு லீவு நாளில் திண்டிவனம் போனேன். புதுப் பெண் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நல்ல பெண், அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. "மாப்ள, அந்த டேப்பப் போடுங்க, கேக்கணும்" என்றேன். அவர் சந்தோஷமாக எழுந்துபோய்ப் போட்டார். கெட்டிமேளம் கொட்டியது. தவில் அதிர நாயனம் வாசித்தது.

எனக்குப் புரியவில்லை. டேப் மாறிவிட்டதோ என்று சக்கரத்தைப் பார்த்தேன். என் டேப்தான், என் கையால் மையில் போட்ட அடையாளம் இருந்தது. அவர் அம்மா கதவோரம் நின்றபடி விஷயத்தைச் சொன்னார். "கோவிச்சுக்காத தம்பி. செத்தவ கொரலு வூட்டுல இருக்கக் கூடாதாம். புதுசா ஒருத்தி வெளக்கேத்த வரா இல்ல? அதான் அதும் மேலயே மங்கள வாத்தியத்தப் பதிஞ்சிடுன்னேன். தோஷம் போயிடும்."

"அப்ப அவ?"

"அவளுக்கென்னா கொறை? கல்யாணத்துக்கு முன்ன பூவாடைக்காரி படையல் போட்டு, அவளத்தானே மொதல்ல கூப்ட்டோம்!"

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்த பெண் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி ஆகிவிடுவாள். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் செம்பு வைத்து, புதுச் சீலை சார்த்தி, இலை போட்டு, முதலில் அவளை வா வா என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் காரியம் நடக்காது. கற்பூரம் ஏற்றிக் கூப்பிடுவார்களாம், அவள் நிஜமாகவே பேசிக்கொண்டிருந்த டேப்பை அழிப்பார்களாம். வாயில் வந்ததையெல்லாம் அன்றைக்கு அந்தக் கூடத்தில் சொல்லியிருப்பேன். புதுப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

"நாயனம் எப்படி வந்துருக்கு பாத்தீங்களா மச்சான்? ஜெர்மன் மெஷினு" என்றார் அவர்.

மெஷினை நிறுத்தி, டேப்பைக் கழற்றி, துண்டில் முடிந்துகொண்டேன். "இது நான் வாங்கின டேப்பு" என்று மட்டும் சொன்னேன். அவர் தடுக்கவில்லை. கடையில் வேறு டேப்பா கிடைக்காது என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து அதை அடுப்பில் போடப் போனேன். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அந்த நாயனத்தை என் செட்டில் கேட்டுவிடுவோம், கோபம் நன்றாக ஊறட்டும் என்று தோன்றியது. மெஷினில் மாட்டினேன். கெட்டிமேளம் வந்தது. கூடவே, கெட்டிமேளத்தின் நடுவிலிருந்து என் தங்கை பேசினாள்.

முதலில் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது விளங்கியது. என் மெஷின் டேப்பின் முழு அகலத்திலும் பதிந்திருந்தது. அவருடைய ஜெர்மன் மெஷின் வீட்டு உபயோக மாடல், டேப்பைச் சிக்கனமாகப் பாதி அகலத்தில் மட்டும் பதிகிறது. நாயனம் மேல் பாதியைத்தான் அழித்தது. வேட்டியில் பாதிக்குச் சாயம் ஏற்றினால் மீதி வெள்ளையாகவே இருக்கும் இல்லையா, அது போலக் கீழ்ப் பாதியில் அவள் அப்படியே இருந்தாள். அவருடைய மெஷினுக்கு அந்தப் பாதி தெரியாது. என் மெஷினுக்கு இரண்டும் தெரியும்.

டேப்பைத் தொட்டுப் படிக்கிற ஹெட்டைக் கழற்றி, அடியில் இருந்த வாஷர்களை எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். இறக்க இறக்க நாயனம் தேய்ந்தது. தவில் அடுத்த தெருவுக்குப் போயிற்று. பிறகு ஊரை விட்டே போயிற்று. அவள் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து பேசினாள். என் மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள். அன்றைக்கு நான் அழுததைச் சொல்ல வெட்கமில்லை. அழுது முடித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, இதை அவருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான். கொடுக்கிற விதத்தில் கொடுக்க வேண்டும்.

அவசரப்படவில்லை. பதறாத காரியம் சிதறாது. அவர் திண்டிவனத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ரேடியோகிராமுக்கென்றே தனியாக ஒரு பெரிய கூடம். குடிபோகும் நாள் குறித்தார்கள். குடிபோவதற்கு முன் பூவாடைக்காரி படையல் உண்டு. படையலுக்குச் சார்த்துகிற சீலை அவள் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். பிறந்த வீடு என்றால் நான்தான். அவர் அம்மாவே தாம்பூலத் தட்டோடு விழுப்புரம் வந்தார்.

"நீ சீலையோட வந்தாத்தான் தம்பி அவ வருவா."

"வர்றேன் அத்தை. அவளையும் கூட்டிக்கினே வர்றேன்" என்றேன். அந்த அம்மாள் மனம் குளிர்ந்து போனார்.

மாப்பிள்ளைக்கும் சொல்லி அனுப்பினேன், என் மெஷினைக் கொண்டுவந்து அவருடைய ரேடியோகிராமில் இணைத்து, படையலுக்கு நல்ல வாத்தியமாகப் போடுகிறேன் என்று. கிணற்றுப் பாட்டுக்காரன் கடைசியில் தன் பெட்டியைத் தேடி வருகிறான் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மெஷினைச் சாக்கில் கட்டி, ரயிலில் பார்சல் ஏற்றுகிற பிரேக் வேனில் ஏற்றினேன். பார்சல் ஆபீஸில் இருந்ததற்கு அன்றைக்குத்தான் பிரயோஜனம்.

கூடம் நிறைய ஆட்கள். மண்டி வியாபாரிகள், சொந்தக்காரர்கள், இரண்டு மூன்று உத்தியோகஸ்தர்கள். ரேடியோகிராம் கிளி உறையோடு நடு நாயகமாக நின்றது. உறையை விலக்கி ஒயரை மாட்டினேன். ஸ்பீக்கர் துணியில் கெட்டியாகக் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். "ஐயோ, பொட்டு!" என்றார் அவர். "இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும் மாப்ள, சத்தம் சுத்தமா வரணும்" என்றேன்.

இலை போட்டாயிற்று. செம்பின் மேல் நான் கொண்டுபோன அரக்குச் சீலையைக் கொசுவிச் சார்த்தி, பூ வைத்தார்கள். அவர் அம்மா கற்பூரத்தை ஏற்றிவிட்டு, இரண்டு கையையும் நீட்டி, கூடமே கேட்கும்படி கூப்பிட்டார். "எங்க வூட்டுப் பூவாடைக்காரியே, மவராசியே, புது வூட்டுக்கு வாம்மா! வந்து படையல ஏத்துக்கம்மா! வாம்மா!"

நான் சுவிட்சைத் திருப்பினேன்.

"தோ வர்றேன், வர்றேன். ஏன் கத்தற?" என்றது ரேடியோகிராம்.

அன்றைக்குப் பதியும்போது அவள் கொல்லையில் இருந்தாள், நான் கூப்பிட்டதற்குச் சொன்ன பதில் அது. நடந்து வருகிற கொலுசுச் சத்தம் தூரத்திலிருந்து கிட்டே வந்தது. நாற்காலி இழுபடும் ஓசை. மூச்சு. அவள் என்னைத் திருத்தித் திருத்திக் கட்ட வைத்த சுத்தம் அத்தனையும் அதில் இருந்தது.

"என்னாத்தப் பேசறது? நல்லாத்தான் இருக்கேன். காலைல கேப்பைக் கூழு குடிச்சேன். அவரு வர்றேன்னாரு, போன ஞாயித்துக்கெழமையும் வரல. பொட்டியத் தொடச்சிக்கினு இருப்பாரு. பொட்டிக்கு வெல்வெட்டு போத்துவாரு. இங்க எனக்குக் குளுரு நடுக்குது, போத்த ஆளக் காணோம்." சிரிப்பு, இருமல். "அத்தை கேப்பாங்களா இத? அத்தை, எலுமிச்ச ஊறுகாயில உப்பு பத்தாது, இன்னும் போடுங்க. இல்லன்னா பூஞ்சை புடிச்சிக்கும்."

அவர் அம்மா கற்பூரத் தட்டோடு அப்படியே தரையில் விழுந்து, "தாயே, தாயே" என்று கும்பிட்டார். பின்னால் பெண்கள் குலவை இட்டார்கள். ஆண்கள் தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது சாமிதான். அது அழித்துவிட்டதாக நினைத்த அதே டேப் என்று என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் மாப்பிள்ளை. அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இந்த ஒரு பார்வைக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன், கண்ணை எடுப்பேனா? அவர் ரேடியோகிராமின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

புதுப் பெண் பயப்படவில்லை. கிட்டே வந்து, மெதுவாக, "அக்கா இன்னும் பேசுவாங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"பேசுவா. ரெண்டு பாட்டு கூடப் பாடுவா."

"போடுங்க மச்சான்" என்றார் அவர். "பாட்டையும் போடுங்க."

சுவிட்சை அணைத்தேன். "கூப்ட்டீங்க, வந்தா. சீலையும் வாங்கிக்கினா. இனிமே அவ எங்க வூட்டுக்குப் போறா" என்று சொல்லி, டேப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். யாரும் என்னைத் தடுக்கத் துணியவில்லை. இலைச் சோறு சாப்பிடாமல் ஸ்டேஷனுக்கு வந்தேன். மயிலம் தாண்டும் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். விக்கிரவாண்டியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அதோடு முடிந்திருக்கலாம். அவர் விடவில்லை. விழுப்புரம் வந்து பார்சல் ஆபீஸ் வாசலில் நின்றார். முன்பெல்லாம் வர நேரமில்லாதவருக்கு இப்போது அடிக்கடி நேரம் கிடைத்தது. "ஒரே ஒரு தடவை மச்சான்" என்பார். சரக்கு நிறைய இருக்கிறது, பேஜாரு பண்ணாதீங்க என்று திருப்பி அனுப்புவேன். அப்புறம் ஒரு நாள், எனக்கே ஒரு யோசனை தோன்றி, "வாங்க, கேக்கலாம்" என்று வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

மண் உறைக்கு எதிரே தங்கை உட்காரும் நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். காபி கொடுத்தேன். ஹெட்டுக்கு அடியில் வாஷர்களைச் சேர்த்து மேலே ஏற்றினேன். மேல் பாதி மட்டும், அவர் பதிந்த பாதி மட்டும் கேட்கும்படி.

கெட்டிமேளம் கொட்டியது. அவருடைய கல்யாண நாயனம் என் செட்டில் எவ்வளவு நேர்த்தியாக வரும் என்று அன்றைக்குத்தான் அவர் கேட்டார். வாயில் வைத்த சீவாளி எச்சிலில் நனைவது கூடக் கேட்டது.

"இதில்ல மச்சான்..."

"இதான் மாப்ள நீங்க பதிஞ்சது. கேளுங்க."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

நாயனக்காரர் மூச்சுக்காக நிறுத்திய ஓர் இடத்தில் அவர் சட்டென்று கையைத் தூக்கினார். "தோ! இருமறா. அடியில அவ இருமறா மச்சான். கேக்குதா?"

கேட்டது. நாயனத்துக்கு அடியில், நூல் போல, கீழ்ப் பாதியிலிருந்து கசிந்து, அவள் இருமல், அதையடுத்துப் பாட்டின் முதல் வரி. எனக்குத் தெளிவாகக் கேட்டது. வாழ்நாளெல்லாம் பாட்டு கேட்காமல் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு அது கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒண்ணுங் கேக்கலியே மாப்ள" என்றேன். "டேப்போட எரைச்சலு அது."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஸ்பீக்கர் பக்கம் திரும்பி மறுபடியும் காது கொடுத்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"உங்களுக்குத்தான் காது மச்சான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்டு வரவில்லை.